அந்திம் பங்கால் யார், நம் ஊர்ப் பிள்ளைக்கு மல்யுத்தம் ஆகுமா?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு, பள்ளியில் கபடி ஆடுகிறாள். கைபேசியில் இந்திய மல்யுத்த வீராங்கனை அந்திம் பங்காலின் போட்டிகளைப் பார்த்துவிட்டு, இனி மல்யுத்தம்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள். வீட்டில் தறி வேலை. மாமியாருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. அப்பாவோ உற்சாகம் மிகுந்து ஞாயிறுதோறும் ஏற்காடு மலைப்பாதையில் பிள்ளையை ஓட வைக்கிறார். "யாருங்க இந்தப் பொண்ணு? எப்படி இந்த அளவுக்கு வந்தாங்க? நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் ஆகுமா?" இதுதான் கேள்வி.

ஆகும் என்றுதான் நான் சொல்வேன். சேலம் மாவட்ட அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கபடிக்கும் ஜூடோவுக்கும் பெண் பிள்ளைகளைத் தயார் செய்து போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனவள். ஆனால் அந்திம் வாங்கிய பதக்கங்களை மட்டும் எண்ணிப் பார்ப்பது உங்களுக்கு உதவாது. அவர் எந்த ஊரில் வளர்ந்தார், தினமும் யாரோடு மோதினார், எந்த எடையில் நின்றார், அதே எடையில் அவருக்கு முன்னால் யார் நின்றிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹரியானாவில் ஹிசார் மாவட்டத்தில் பகானா என்றொரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 2004 ஆகஸ்ட் 31-ல் பிறந்தார் அந்திம். அதே ஆகஸ்ட் மாதம்தான் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் முதன்முதலாக நடந்தது. ஆண்கள் 1896-லேயே மோதிய அதே ஏதென்ஸில், பெண்களுக்கு இடம் கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. அதுவும் நான்கே எடைப் பிரிவுகள். இப்போது ஆறு இருக்கின்றன. உங்கள் பாப்பா விரும்பும் இந்த விளையாட்டு, ஒலிம்பிக்கில் பெண்களைப் பொறுத்தவரை அந்திமின் வயதுதான் ஆனது.

அவர் வீட்டில் நான்காவது பெண். அந்திம் என்றால் கடைசி. பெண் குழந்தை இத்தோடு போதும் என்ற எண்ணத்தில் பெற்றோர் வைத்த பெயர் அது என்று பத்திரிகைகள் அடிக்கடி எழுதும். படித்துவிட்டு ஹரியானாவை நாம் குறை சொல்ல முடியாது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்க வேண்டியிருந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். அந்தக் காலத்தில் இங்கே வேலை பார்த்த ஆசிரியைகளுக்கு அது மறக்காது. அந்திம் கதையில் என் மனதைத் தொடுவது, அதே பெற்றோர் பின்னால் செய்த காரியம். மகளின் பயிற்சிக்காகக் குடும்பமே கிராமத்தை விட்டு ஹிசார் நகரத்துப் பக்கம் குடிபெயர்ந்தது. நிலத்தை நம்பி வாழும் குடும்பம் ஒரு பெண் பிள்ளையின் விளையாட்டுக்காக வீட்டை மாற்றுவது சின்ன விஷயமில்லை.

அவரை மல்யுத்தத்துக்குத் திருப்பியவர் மூத்த அக்கா சரிதா. அவர் கபடி வீராங்கனை. இதைப் பாப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள். அக்கா தங்கையைக் கபடிக்கே கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் கபடி குழு ஆட்டம், யாரைச் சேர்ப்பது என்பது அடுத்தவர் கையில் இருக்கும். மல்யுத்தத்தில் வெற்றியும் தோல்வியும் தன் கையில் என்று நினைத்தார். பத்து வயது வாக்கில் அந்திம் மேட்டில், அதாவது மல்யுத்த விரிப்பில், இறங்கினார்.

சரி, ஏன் எல்லாரும் ஹரியானாவிலிருந்தே வருகிறார்கள்? பாலும் நெய்யும் குடிப்பதால் என்று நம் ஊரில் சொல்வார்கள். சாப்பாடு ஒரு காரணம்தான், பெரிய காரணம் வேறு. அங்கே ஒரு பெண் மாலையில் பயிற்சிக்குப் போனால், அவள் எடையில், அவளைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரியாக நாலு பெண்கள் இருப்பார்கள். மல்யுத்தத்தைத் தனியாகக் கற்க முடியாது. ஓடலாம், தண்டால் எடுக்கலாம், கயிறு ஏறலாம். ஆனால் எதிரே இருப்பவள் காலை எப்போது முன்னால் வைக்கிறாள், எந்த நொடியில் அவள் பாரம் மாறுகிறது என்பதெல்லாம் இன்னொரு உடம்பைப் பிடித்துப் பிடித்துத்தான் கைக்கு வரும். நம் ஊரிலும் ஒரு காலத்தில் கோதா என்ற மல்யுத்தக் களமும் தாலிம்கானா என்ற பயிற்சிக்கூடமும் இருந்தன, பயில்வான்கள் இருந்தார்கள்; பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஹரியானாவில் 2000-க்குப் பிறகு பெண்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. 2010 காமன்வெல்த் விளையாட்டில் கீதா போகட் தங்கம் வாங்கினார். 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வாங்கினார். மல்யுத்தத்தில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. பதக்கம் வந்தால் அரசு வேலையும் ரொக்கப் பரிசும் வரும் என்பதைக் கிராமத்துக் குடும்பங்கள் கண்ணால் பார்த்தன. ரியோ நடந்தபோது அந்திமுக்கு இன்னும் பன்னிரண்டு நிறையவில்லை. கிட்டத்தட்ட உங்கள் பாப்பா வயது.

போட்டி எப்படி நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மாமியாருக்கும் விளக்க உதவும். பெரியவர்களுக்கு மூன்று நிமிடம் ஒரு சுற்று, நடுவே முப்பது நொடி ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். எதிராளியைக் கீழே கொண்டுவந்து கட்டுக்குள் வைத்தால் 2 புள்ளி. முதுகு மேட்டைப் பார்க்கும்படி புரட்டினால் 2. தூக்கி எறிந்தால் 4, உயரத் தூக்கி அழகாக எறிந்தால் 5. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. பத்துப் புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடியும். இரண்டு தோளும் மேட்டில் பதிந்தால் புள்ளிக் கணக்கெல்லாம் போய், அதுவே வெற்றி. அடிப்பது, குத்துவது, உதைப்பது எதுவும் கிடையாது. பெண்கள் ஆடுவது ஃப்ரீஸ்டைல், அதில் காலைப் பிடிக்கலாம். அந்திமின் பலமே காலைப் பிடிக்கும் தாக்குதலும், ஆறு நிமிடமும் விடாமல் நெருக்கும் மூச்சும்தான்.

2022 ஆகஸ்டில் பல்கேரியாவின் சோஃபியா நகரில் 20 வயதுக்குட்பட்டோர் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. 53 கிலோ இறுதியில் கஜகஸ்தானின் அல்டின் ஷகாயேவாவை 8-0 என்று வென்றார் அந்திம். அந்தப் போட்டியில் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அப்போது பதினெட்டுகூட நிறையவில்லை. அடுத்த ஆண்டு ஜோர்டானின் அம்மானில் உக்ரைனின் மரியா யெஃப்ரெமோவாவை 4-0 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். அதையும் அதற்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் செய்ததில்லை. அம்மானில் சவிதாவும் பிரியா மாலிக்கும்கூடத் தங்கம் வாங்க, அணிப் பட்டமும் இந்தியப் பெண்களுக்கே வந்தது.

இதுவரை கேட்டால் நேராக ஏறுகிற கதை. இனிமேல்தான் சிக்கல்.

53 கிலோவில் ஏற்கெனவே இந்தியாவுக்கு ஒருவர் இருந்தார், வினேஷ் போகட். அந்திமைவிடப் பத்து வயது மூத்தவர், 2019-லும் 2022-லும் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கியவர். ஒரு நாட்டிலிருந்து ஓர் எடைக்கு ஒருவர்தான் போக முடியும். யார் என்பதை டிரையல்ஸ் என்கிற தேர்வுப் போட்டி முடிவு செய்யும். 2022 காமன்வெல்த் விளையாட்டுக்கான டிரையல்ஸில் அந்திம் வினேஷிடம் தோற்றார். உலக ஜூனியர் சாம்பியன் ஆகப்போகிற பெண் சொந்த நாட்டிலேயே இரண்டாமவர். இந்த விளையாட்டில் இது சகஜம்.

2023 ஜனவரியில் வினேஷ், சாக்‌ஷி, பஜ்ரங் புனியா முதலான மல்யுத்த வீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மல்யுத்தச் சம்மேளனத்தின் அப்போதைய தலைவர் வீராங்கனைகளுக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார், விஷயம் நீதிமன்றம் போனது. ஏப்ரலில் மறுபடி போராட்டம். சம்மேளனத்தை நிர்வகிக்கத் தற்காலிகக் குழு வந்தது. அந்த ஆண்டு ஆசிய விளையாட்டுக்கு வினேஷுக்கும் பஜ்ரங்குக்கும் டிரையல்ஸ் இல்லாமலே இடம் தரலாம் என்று அந்தக் குழு முடிவெடுத்தது. மாதக்கணக்கில் தெருவில் இருந்தவர்களுக்குப் பயிற்சி எடுக்க நேரமில்லை என்பது ஒரு பக்க நியாயம்.

அந்திம் இன்னொரு பக்கம் நின்றார். தேர்வு வையுங்கள், மோதிப் பார்க்கலாம், ஜெயிப்பவர் போகட்டும் என்று கேட்டார். சுஜீத் கல்கல் என்ற இளம் வீரரோடு டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனார். ஜூலை 22-ல் மனு தள்ளுபடி ஆனது. ஆனாலும் அந்த எடையில் நடந்த டிரையல்ஸில் ஆடி ஜெயித்து, மாற்று வீராங்கனையாகக் காத்திருந்தார். ஆகஸ்டில் வினேஷுக்கு முழங்காலில் காயம், அறுவை சிகிச்சை. இடம் அந்திமுக்கு வந்தது.

அந்த நேரத்தில் அந்திமைப் போராட்டத்துக்கு எதிரி என்று சிலர் எழுதினார்கள். வினேஷைச் சுயநலக்காரி என்று வேறு சிலர். இரண்டுமே அநியாயம். பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக வினேஷ் தன் விளையாட்டு வாழ்க்கையின் நல்ல மாதங்களைக் கொடுத்தார். அந்திம் கேட்டது, பதினெட்டு வயதுப் பெண் எந்தப் பெரிய பெயருக்கு முன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி. வகுப்பில் இப்படிக் கேட்கும் ஒரு பெண் இருந்தால் நான் அவள் பக்கம்தான் நிற்பேன்.

2023 செப்டம்பரில் பெல்கிரேடில் உலகச் சாம்பியன்ஷிப். சம்மேளனத் தேர்தல் உரிய காலத்தில் நடக்காததால் உலக அமைப்பு இந்தியச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்திருந்தது. நம் வீரர்கள் மூவண்ணக் கொடி இல்லாமல், உலக மல்யுத்த அமைப்பின் கொடியின் கீழ் ஆட வேண்டிய நிலை. முதல் ஆட்டமே முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன், அமெரிக்காவின் டொமினிக் பாரிஷோடு. பின்னால் இருந்து எழுந்து 3-2 என்று அந்திம் வென்றார். அரையிறுதியில் பெலாரஸின் வனேசா கலாட்ஜின்ஸ்கயாவிடம் 4-5, ஒரே புள்ளியில் தோல்வி. வெண்கலத்துக்கு ஸ்வீடனின் எம்மா மால்ம்கிரெனோடு மோதி 16-6 என்று முடித்தார். பதக்கத்தோடு பாரிஸ் ஒலிம்பிக் இடமும் வந்தது. மல்யுத்தத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாரிஸ் இடம் அது.

அடுத்த மாதம் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு. காலிறுதியில் ஜப்பானின் அகாரி ஃபுஜினாமியிடம் தோற்றார். அதே ஆண்டு ஆசியச் சாம்பியன்ஷிப் இறுதியிலும் அந்திமை வீழ்த்தி வெள்ளியோடு நிறுத்தியவர் ஃபுஜினாமிதான். பின்னால் பாரிஸில் தங்கமும் அவருக்கே. ஹாங்சோவில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் டோக்கியோ ஒலிம்பிக் பதக்கக்காரியான மங்கோலியாவின் போலோர்துயாவை 3-1 என்று அந்திம் வென்றார். அந்த ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 53 கிலோவில் ஒலிம்பிக் இடத்தை அந்திம் வாங்கிவிட்டதால், முழங்கால் தேறி வந்த வினேஷ் 50 கிலோவுக்கு இறங்க வேண்டியதாயிற்று. உயரமான, தசை ஏறிய உடம்பை மூன்று கிலோ கீழே இறக்குவது லேசான காரியமில்லை. 2024 ஆகஸ்ட் 6-ல் பாரிஸில் அவர் ஜப்பானின் யுயி சுசாகியை வீழ்த்தி இறுதிக்கும் போனார். 7-ம் தேதி காலை எடை போட்டபோது 100 கிராம் கூடுதல், தகுதி நீக்கம். நம் ஊரில் டீக்கடைக்கு டீக்கடை அந்த 100 கிராமைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது.

அதே 7-ம் தேதிதான் அந்திமின் ஒலிம்பிக் ஆட்டமும் என்பது பலருக்கு நினைவில் இல்லை. இந்திய அணியில் அத்தனை பேரும் நிலைகுலைந்திருந்த அந்த நாளில், பத்தொன்பது வயதுப் பெண் மேட்டுக்குப் போனார். துருக்கியின் ஸெய்னெப் யெட்கிலிடம் 0-10. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நம்மை வென்றவர் இறுதிவரை போனால் வெண்கலத்துக்கு மறுவாய்ப்பு கிடைக்கும் என்பது மல்யுத்த விதி. யெட்கில் அடுத்த சுற்றிலேயே தோற்றார். அந்திமின் ஒலிம்பிக் அங்கேயே முடிந்தது. போதாக்குறைக்கு, அவருடைய அடையாள அட்டையை வைத்து அவர் சகோதரி ஒருவர் விளையாட்டுக் கிராமத்துக்குள் போனார் என்று ஒரு பிரச்சினை எழ, இந்திய ஒலிம்பிக் சங்கம் அவரை ஊருக்கு அனுப்ப முடிவு செய்தது. அந்த வாரம் இணையத்தில் அந்தப் பெண்ணை ஏசியவர்கள், முதுகுக் காயத்தால் அதே ஆண்டு ஆசியச் சாம்பியன்ஷிப்புக்கே அவர் போக முடியாமல் இருந்ததை யோசிக்கவில்லை. தோற்ற பிள்ளையைத் திட்டுவதற்கு நம்மில் எப்போதும் ஆள் இருக்கிறது. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

உங்கள் பாப்பா அந்திமிடம் எதையாவது பார்த்துக் கற்க வேண்டும் என்றால், பாரிஸுக்குப் பிறகு அவர் செய்ததைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய அறிக்கை எதுவும் விடவில்லை. பயிற்சிக்குத் திரும்பினார். 2025-ல் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். செப்டம்பரில் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் உலகச் சாம்பியன்ஷிப். அரையிறுதியில் பாரிஸ் வெள்ளிக்காரியான ஈக்வடாரின் லூசியா யேபெஸிடம் தோற்றார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே வந்தவர் பெல்கிரேடில் மோதிய அதே மால்ம்கிரென். இந்த முறை 9-1. வினேஷுக்குப் பிறகு உலகச் சாம்பியன்ஷிப்பில் இரண்டு பதக்கம் வாங்கிய இந்தியப் பெண் அந்திம். அதே ஜாக்ரெப்பில் பாரிஸ் வெண்கலக்காரர் அமன் ஷெராவத் 1.7 கிலோ கூடுதல் என்று எடை மேடையிலேயே வெளியேறினார். இந்த விளையாட்டில் பல முடிவுகள் மேட்டுக்கு வருவதற்கு முன்பே ஆகிவிடுகின்றன.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

பாப்பாவுக்கு முதல் தேவை, மோதிப் பழக அவள் எடையில் ஒரு பெண்ணாவது. ஷூ, பனியன், புரோட்டீன் பவுடர் எல்லாம் பிறகு. அஸ்தம்பட்டிப் பக்கம் காந்தி ஸ்டேடியத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் மூன்று கேள்வி கேளுங்கள்: பெண்களுக்கு மல்யுத்தமோ ஜூடோவோ எங்கே பயிற்சி நடக்கிறது, பாப்பா வயதில் எத்தனை பெண்கள் வருகிறார்கள், பயிற்சி தருபவர் யார். இரண்டாவது கேள்விக்கான பதில்தான் முக்கியம். பத்துப் பையன்களுக்கு நடுவே ஒரே பெண் என்றால், எவ்வளவு பெரிய கோச்சாக இருந்தாலும் அவள் வளர்ச்சி ஓரிடத்தில் நின்றுவிடும்.

மல்யுத்தப் பயிற்சி பக்கத்தில் அமையாவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஜூடோவில் சேருங்கள். விழப் பழகுவது, எதிராளியின் சமநிலையைக் கலைப்பது, இடுப்பைச் சுழற்றி எறிவது என்று அங்கே கற்பது பெரும்பாலும் மல்யுத்தத்துக்கு அப்படியே உதவும். பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளில் ஜூடோ உண்டு என்பதால் மாவட்டம், மாநிலம் என்று மேலே போக வழியும் இருக்கிறது. கபடியை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். ரெய்டு வருபவளின் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கும் பிள்ளைக்கு, மல்யுத்தத்தில் காலைப் பிடிக்கச் சொல்லித் தரும் வேலை பாதி முடிந்துவிட்டது. பயம் போயிருக்கும். பயத்தைப் போக்குவதுதான் பயிற்சியிலேயே கஷ்டமான பகுதி.

அப்பாவுக்கு ஒரு வேண்டுகோள். ஏற்காடு மலைப்பாதை ஓட்டத்தை விட்டுவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வண்டிகள், ஓரமாக ஒதுங்க இடமில்லாத ரோடு. அது ஒருபுறம் இருக்க, பன்னிரண்டு வயதில் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும்போது தார் ரோட்டில் இறக்கத்தில் ஓடுவது முழங்காலுக்கு நல்லதில்லை. இந்த விளையாட்டுக்கு வேண்டியது மலையேறும் மூச்சு அல்ல. சில நொடி முழு பலம், கொஞ்சம் நிதானம், மறுபடி முழு பலம். இருபது மீட்டர் வேக ஓட்டம், கயிறு ஏறுதல், தோழியைத் தோளில் தூக்கி நடப்பது, மண்ணில் குட்டிக்கரணம். இதெல்லாம் பள்ளி மைதானத்திலேயே ஆகும். குடும்பத்தோடு ஏற்காடு போய் அண்ணா பூங்கா பார்த்துவிட்டு வாருங்கள், அதில் தப்பில்லை.

எடையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வினேஷுக்கும் அமனுக்கும் நடந்ததைக் கேட்ட பெற்றோர்கள் "அப்போ இப்பவே சாப்பாட்டைக் குறைக்கணுமா" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. வளர்கிற பெண்ணுக்கு எடைக் குறைப்பு என்ற பேச்சே வரக் கூடாது. பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகலாம், எலும்பு வலுவிழக்கும், ரத்தசோகை வரும். எந்த கோச்சாவது போட்டிக்காக இந்த வயதுப் பிள்ளையைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொன்னால், அன்றே அந்த இடத்தை விட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். எடை கூடினால் மேல் பிரிவில் ஆடட்டும், தோற்றாலும் பரவாயில்லை. சாப்பாட்டுக்குப் பெரிய செலவு தேவையில்லை. ராகிக் களி, முட்டை, நிலக்கடலை, பருப்பு, கீரை, பால், முடிந்தபோது மீன். இரும்புச்சத்தை ஒருமுறை அரசு மருத்துவமனையில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் ஆடும் பிள்ளைகளுக்குப் படர்தாமரை சீக்கிரம் தொற்றும். பயிற்சி முடிந்ததும் குளிக்க வேண்டும், துணியைத் தினமும் துவைக்க வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். மேட்டைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கும் இடமா என்று போன முதல் நாளே பாருங்கள். காது மடல் அடிபட்டு வீங்கினால் அலட்சியம் வேண்டாம், உடனே டாக்டரிடம் காட்டினால் காது மடங்கிப் போகாமல் காப்பாற்றலாம்.

பாதுகாப்புக்கு வருகிறேன். 2023-ல் டெல்லித் தெருவில் உட்கார்ந்தவர்கள் நாட்டின் மிகப் பெரிய பெயர்கள். அவர்களுக்கே அவ்வளவு பாடு என்றால், ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான் இருக்கிறீர்கள். பயிற்சியில் ஒரு பெண் கோச் அல்லது பெண் பொறுப்பாளர் இருக்க வேண்டும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க அனுமதி இருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது கூட ஓர் ஆசிரியை போகாவிட்டால் அனுப்ப வேண்டாம். பிடி சொல்லித் தரும்போது தொடுவது எப்படி, வேறு மாதிரித் தொடுவது எப்படி என்பதை வெட்கப்படாமல் பாப்பாவிடம் இப்போதே பேசுங்கள். ஏதாவது நடந்தால் அவள் முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். சொன்னால் விளையாட்டை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு இருக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவளுக்கு மனப்பாடமாக்கிவிடுங்கள்.

மாமியாரின் எதிர்ப்பை நான் குறைவாக எடைபோடவில்லை. உடுப்பு, காயம், நாளைக்குக் கல்யாணம் என்று அவர்களுக்கு ஆயிரம் கவலை. வாதம் செய்வதைவிட, அவர்களை ஒரு நாள் பாப்பாவின் கபடி ஆட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். பேத்தி ஒருத்தியை மடக்கிப் பிடிப்பதைப் பார்த்துக் கத்திவிட்ட பாட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். படிப்பு கெடும் என்றால், தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதைச் சொல்லுங்கள். நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிலிருந்து மாரியப்பன் தங்கவேலு மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கியதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பாப்பாவுக்கு இப்போது சர்வதேசப் போட்டி வயது ஆகவில்லை. 15 வயதுக்குட்பட்டோர் பிரிவே பதினான்கை ஒட்டித்தான் தொடங்கும். இரண்டு ஆண்டு விழவும் எழவும் பிடிக்கவும் கற்க நேரம் இருக்கிறது. வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்தே கணக்கிடப்படும். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தாலும் இப்போதே திருத்த மனு கொடுங்கள். மாநிலத் தேர்வு வரை போன பிள்ளைகள் இந்த ஒரு காகிதத்தால் வாசலில் நின்று அழுதுகொண்டு திரும்பியதைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். காந்தி ஸ்டேடியத்துக்குப் போகும்போது மூன்றின் நகலையும் கையோடு எடுத்துப் போங்கள். மாலை நான்கரைக்கு மேல் போனால் பயிற்சி நடப்பதையும் நேரில் பார்க்கலாம்.